அரைக்கட்டை இறக்கம்

பல்பு அத்தை என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் மாடியில் குடியிருக்கும் நாத்தனாரின் இரண்டு பெண்கள். அதில் கேலி இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மிளகு அளவில் ஒரு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்? ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் ஒரு சிவப்பு விளக்கு. வாசல் கேட்டைத் திறந்தால் சமையலறையில் ஒரு பச்சை விளக்கு. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துவதற்கென்று ஒரு டப்பா; அது முதல் மழையிலேயே தொட்டி நிரம்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு விடாமல் கத்தி, தெருவில் பாதிப் பேரை வாசலுக்கு வரவழைத்தது. அன்று வாங்கிய பேச்சுக்கு வேறொருத்தியாக இருந்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பாள். பல்பு அத்தை மறுநாளே டப்பாவைத் திறந்து, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். தப்பு கையில் சிக்கினால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அப்படி ஒரு பிறவி.

வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். டாக்டர் சீட்டில் எழுதிய பவர், அச்சு எத்தனை டிகிரி, இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் பார்த்து, லென்ஸில் மூன்று புள்ளி வைத்து, மெஷினில் பூட்டி, ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்து எடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் போட்டுக்கொண்டவருக்குத் தலை சுற்றும். பதினெட்டு வருடத்தில் அவள் வெட்டிய லென்ஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவளாகச் சொல்ல மாட்டாள். கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். அந்த நேரம் பார்த்து அவளுக்கும் முன்னறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தத் தேய்க்கும் மெஷின் படுத்துவிட்டது. சர்வீஸ்காரர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று நான்கு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் அவள் கடைக்காரருக்குத் தெரியாமல் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஒயர் அதன் இடத்திலிருந்து கழன்று தொங்கியது. அவ்வளவுதான். அதை இருந்த இடத்தில் சொருகியதும் மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. இத்தனை வருடமாக இவ்வளவு பெரிய ரகசியத்தை ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்களே என்று அவளுக்கு ஒரே ஆத்திரம். அன்று மாலையே செல்போனில் தேட ஆரம்பித்தாள். வீடியோ பார்த்தே, ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் கற்றுக்கொண்டாள், விரலையும் சுட்டுக்கொண்டாள். பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டை வரவழைத்து, பழைய லேப்டாப்பில் நான்கு வரி புரோகிராம் எழுதி ஏற்றினாள். போர்டில் இருந்த விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது. நான் சொன்னேன், அது கேட்டது! எழுந்து நின்று கை தட்டினாள். வீட்டில் யாரும் இல்லை என்பதால் தனக்குத் தானேதான் தட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கணவர் பஸ் டிரைவர். முப்பத்தோரு வருடம் ஒரே டிப்போ. ஒரே பெண் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். சட்டைப் பையில் ஒரு மவுத் ஆர்கன் எப்போதும் இருக்கும். ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்புவதற்குள் கிடைக்கும் பத்து நிமிடத்தில் ஸ்டியரிங் மேல் சாய்ந்துகொண்டு வாசிப்பார். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. எத்தனையோ மெட்டு வாசித்தாலும் கடைசியில் ஒரு பழைய சினிமா மெட்டில்தான் வந்து நிற்பார். அந்த மெட்டு காதில் விழுந்தால் வண்டி கிளம்பப் போகிறது என்று டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள்.

போன வருடம், ஓய்வு பெறப்போகும் தேதி போட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஏதோ காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார்: "அந்த மவுத் ஆர்கனையும் டிப்போவுலயே யாருக்காவது குடுத்துட்டு வந்துடலாம்னு பாக்கறேன்."

"ஏங்க?"

"வண்டி இல்லாம அது எதுக்கு? வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்து வாசிக்கவா?" பிறகு, தண்ணீரைக் குடித்துவிட்டு, "கூட வாசிக்க ஒரு ஆள் இருந்திருந்தா சரி. முப்பது வருஷத்துல ஒருத்தன் சிக்கலை. இனிமே யார் வரப் போறா" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வாசிப்பதையும் குறைத்துக்கொண்டார் என்று டிப்போ டைம்கீப்பர் போனில் சொன்னபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. மனிதர் வேலையை மட்டும் விடப் போவதில்லை, எல்லாவற்றையும் கையோடு மூட்டை கட்டப் போகிறார். அன்றே முடிவு செய்துவிட்டாள். அந்த ஆள் நான்தான். விடைகொடுக்கும் நாளில் டிப்போவில் எல்லோர் முன்னாலும் அவரோடு உட்கார்ந்து வாசிப்பேன். அவரிடம் அதுவரை மூச்சு விடக் கூடாது. கையில் ஏழு மாதம். சங்கீதம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிறவள் அவள்; அதைப் பற்றி அந்த நேரம் யோசிக்கவில்லை.

அதிர்ஷ்டம் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தது. ஒரு மியூசிக் கிளாஸ் நடத்துகிறவர், தண்ணீர் கொட்டிச் சத்தம் போன கீபோர்டு ஒன்றைக் குப்பையில் போடப் போவதாகக் கடையில் புலம்பிக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து அவள் பாய்ந்து வந்த வேகத்தில் அவர் கண்ணாடியே கழன்று விழப் பார்த்தது. "குப்பையில போடாதீங்க சார், எங்க வீட்டுல போடுங்க!" என்றாள்.

கடை ஒரு மணிக்கு மூடி நான்கு மணிக்குத் திறக்கும். அந்த மூன்று மணி நேரமும் வீடு அவளுக்கே சொந்தம், டிரைவர் வண்டியில் இருப்பார். கீபோர்டின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாள். சத்தம் போடும் போர்டு பச்சைப் பூசணம் பிடித்துச் செத்தே போயிருந்தது. ஆனால் கட்டைகள் நாற்பத்தொன்பதும் நன்றாக இருந்தன. எந்தக் கட்டை எந்த ஒயரில் பேசுகிறது என்று மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். ஏழு ஒயர் குறுக்கே, ஏழு ஒயர் நெடுக்கே, பாய் பின்னியது மாதிரி. நாற்பத்தொன்பது ஒயர் இழுக்க வேண்டுமே என்று பயந்திருந்தவளுக்கு, பதினான்கிலேயே ஒருவன் வேலையை முடித்திருப்பதைப் பார்த்ததும் அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

செத்த போர்டைப் பிடுங்கிவிட்டுத் தன் போர்டை வைத்தாள். முதல் கட்டையை அமுக்கினால் இந்தச் சத்தம், அடுத்ததற்கு இந்தச் சத்தம் என்று ஒரு அட்டவணை எழுதிப் புரோகிராமில் சேர்த்தாள். ஏற்றினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அமுக்கினாள். "பீ" என்றது!

அழகான சத்தம் என்று சொல்ல முடியாது. பழைய பால்கார சைக்கிள் ஹாரன் கொஞ்சம் படித்து முன்னேறியது போல இருந்தது. ஆனால் அது அவள் போட்ட சத்தம். வரிசையாகக் கட்டைகளை அமுக்கினாள்; சத்தம் படி ஏறுவது போல ஏறியது, இறங்கினால் இறங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சத்தம் வந்துவிட்ட குஷியில், வந்தது எந்தச் சத்தம் என்று அவள் பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் புள்ளி பிசகாமல் லென்ஸ் வெட்டியவளுக்கு அதைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சந்தோஷம் வந்தால் மனுஷர்களுக்குக் கண் மங்கத்தான் செய்யும்.

அடுத்தது கற்றுக்கொள்வது. டிரைவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அந்த மெட்டை வாசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவுக்குப் பின்னால் நின்று செல்போனில் பதிவு செய்துகொண்டாள். சத்தத்தைக் கேட்டு அது எந்தச் சுரம் என்று காட்டும் ஆப் ஒன்று இருக்கிறது. அதை வைத்து மெட்டை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து நோட்டில் எழுதினாள். மூன்று வாரம் பிடித்தது. பிறகு கட்டைகளின் தலைமாட்டில் வரிசையாக நாற்பத்தொன்பது குட்டி விளக்குகள் ஒட்டினாள். எந்தக் கட்டையை அமுக்க வேண்டுமோ அதன் மேல் விளக்கு எரியும்; சரியாக அமுக்கினால் அடுத்தது எரியும். தப்பாக அமுக்கினால் சிவப்பாகிவிட்டு அசையாமல் நிற்கும். அடம்பிடித்த வாத்தியார்தான், ஆனால் அடிக்காது, திட்டாது, எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது.

ரகசியம் மாடிக்கு மட்டும் கசிந்துவிட்டது. ஹெட்போன் போட்டாலும் கட்டை தட்டும் சத்தம் கேட்கத்தானே செய்யும்? நாத்தனார் ஒருநாள் மத்தியானம் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். அவள் சின்ன வயதில் ஏழு வருடம் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். அந்த ஏழு வருடத்தைப் பேச்சில் எங்காவது சொருகாமல் இருக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இது வாசிக்கிறது இல்ல. விளக்குக்குப் பின்னாடி ஓடுறது."

"மெட்டு வருது இல்ல?"

"விளக்கை அணைச்சுட்டு வாசிங்க பாப்போம்."

அணைத்தாள். நான்காவது சுரத்தில் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. இரண்டு மாத உழைப்பு, நான்கு சுரம்! நாத்தனார் தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறிப் போனாள். அந்தத் தலையாட்டல் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது சரி என்பது அதைவிட அதிகமாகத் தைத்தது.

அன்று கடையில் லென்ஸ் தேயும்போதெல்லாம் அதே யோசனை. சாயங்காலம் மெஷினை அணைக்கும்போது பளிச்சென்று வழி தோன்றியது. விளக்கு முந்திக்கொள்வதுதானே வம்பு? காத்திருக்கச் சொன்னால் என்ன? மறுநாள் மத்தியானம் புரோகிராமில் ஆறு வரி சேர்த்தாள். இப்போது விளக்கு உடனே எரியாது. அவள் விரல் தானாகப் போகிறதா என்று ஒரு விநாடி பொறுக்கும். தடுமாறினால் மட்டும் எரியும். தினமும் அந்தப் பொறுமையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டே போனாள்: ஒன்றரை விநாடி, இரண்டு, மூன்று. முதல் நாள் முப்பத்தேழு தடவை எரிந்த விளக்கு பத்தாம் நாள் இருபதாகி, ஒரு மாதத்தில் ஆறாகி, ஒரு வெள்ளிக்கிழமை ஒரு தடவைகூட எரியவில்லை. மெட்டு முழுக்க வாசித்து முடித்துவிட்டுத்தான் அதைக் கவனித்தாள். மாடிப்படியில் நின்று, "ஏய், எரியலடீ! ஒண்ணுகூட எரியல!" என்று கத்தினாள்.

நாத்தனார் வந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். "விரல் பழகிடுச்சு அண்ணி," என்றாள். பிறகு தன் ஏழு வருடத்தின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக, "சுண்டு விரல்தான் கொஞ்சம் சோம்பேறி," என்று சேர்த்துக்கொண்டாள்.

இவ்வளவு செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. கணவரின் பதிவையும் தன் கீபோர்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் கேட்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஹெட்போன். அதைச் செல்போனில் சொருகிப் பதிவைக் கேட்பாள். கழற்றிக் கீபோர்டில் சொருகித் தன்னுடையதைக் கேட்பாள். இரண்டும் ஒரே மெட்டாகத்தான் இருந்தன.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் நான்கு மணி, ஷிப்ட் மாறும் நேரம். டிப்போவின் பெரிய கொட்டகையில் இரண்டு பஸ்ஸை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் சுற்றி வந்தன. நான்கரை மணி வண்டிகளை எடுக்க வேண்டிய டிரைவர்களும் கண்டக்டர்களும் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலதிகாரி பேசினார், நீளமாகவே பேசினார். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். முப்பத்தோரு வருடம் நேரத்துக்கு ஓடிய மனிதருக்கு, இனி நேரம் பார்க்க வேண்டாம் என்கிற நாளில் கடிகாரம் கொடுக்கிற மூளையை என்னவென்று சொல்வது! டிரைவர் அதை வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

பிறகு டைம்கீப்பர் மைக்கைப் பிடித்தார். அவர் கூட்டுக்களவாணி. "அண்ணே, கடைசியா ஒரு தடவை அந்த மெட்டு. ஆனா இன்னிக்குக் கூட வாசிக்க ஒரு ஆள் வந்திருக்கு," என்றார். ஒரு மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே போர்த்தியிருந்த துணியைப் பல்பு அத்தை எடுத்துவிட்டு, ஹெட்போன் சொருகும் இடத்தில் டிப்போ ஸ்பீக்கரின் ஒயரைச் சொருகினாள். ஒயர் பிதுங்கிக்கொண்டிருந்த கீபோர்டைப் பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். டிரைவர் அவளைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான். வாசிங்க."

அவர் மவுத் ஆர்கனை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். முதல் வரியை அவர் தனியாக வாசித்தார். டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள்கூடப் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்கள். இரண்டாவது வரி. அவள் விரலை இறக்கினாள்.

கொட்டகை முழுக்க ஒரு நாராசம் எழுந்தது. இரண்டு தகரத்தை ஒன்றோடொன்று உரசியது போல. அவள் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தவில்லை; அடுத்த சுரம் அதைவிட மோசம், அதற்கடுத்தது அதைவிட. முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். பின்னாலிருந்து யாரோ பிரேக் அடிக்கிற சத்தம் போட்டுக் காட்ட, குபீரென்று சிரிப்பு. டிரைவர் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தார். கோபமில்லை. அவள் பக்கம் குனிந்து, பூப்போல, "பரவால்ல விடு. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு," என்றார். சொல்லிக்கொண்டே மவுத் ஆர்கனை டைம்கீப்பர் பக்கம் நீட்டினார். "இந்தாங்க, இது இங்கயே இருக்கட்டும்."

ஏழு மாதம். விளக்கு எரியாத அந்த வெள்ளிக்கிழமை. எல்லாம் இந்த ஒரு நீட்டிய கையில் முடியப் போகிறது.

"அண்ணி!" முன்வரிசையிலிருந்து நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். ஊரே பார்க்கிறது என்கிற கூச்சமெல்லாம் இல்லை. "உங்க விரல் சரியாதான் போகுது! சுருதிதான் இறங்கிருக்கு! ஒரே சீரா அரைக்கட்டை கம்மி!"

அரைக்கட்டை. அரைக்கட்டை என்றால் பக்கத்துக் கட்டை. எல்லாக் கட்டையும், ஒன்று விடாமல், தனக்கு இடப்பக்கத்தில் இருக்கிறவனின் சத்தத்தைப் போடுகிறது. அப்படியென்றால் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. ஒன்று...

பல்பு அத்தை சிரித்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால், மைக் பக்கத்தில், வாய்விட்டுச் சிரித்தாள். அட்டவணை எழுதும்போது முதல் கட்டைக்கு ஒன்று என்று எண் போட்டிருந்தாள், எல்லோரும் எண்ணுவது போல. ஆனால் புரோகிராம் முதல் கட்டையைப் பூஜ்யம் என்று எண்ணும். முதல் நாள் வீடியோவிலேயே சொல்லிக்கொடுத்த பாடம்! விளக்கு அட்டவணையில் ஒன்று பிசகியபோது தப்பான கட்டைக்கு மேல் எரிந்து கண்ணுக்குத் தெரிந்தது, உடனே திருத்திவிட்டாள். சத்த அட்டவணையில் எல்லாம் சேர்ந்து இறங்கியதால் தனியாகக் கேட்கும்போது மெட்டு மெட்டாகவே இருந்தது. மவுத் ஆர்கனிலோ சுருதியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அது நின்ற இடத்தில்தான் நிற்கும்.

"அதைக் குடுக்காதீங்க!" என்று கணவரைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். "ஒரு நம்பர்தாங்க தப்பு. ஒரே ஒரு நம்பர்! ரெண்டு நிமிஷம் குடுங்க."

மணி நான்கு இருபத்திரண்டு. லேப்டாப் பையில் இருந்தது. அதை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போனதில்லை. திறந்தாள். பையைத் துழாவினாள். கேபிள் இல்லை. துணியைப் போர்த்தி மூட்டை கட்டிய அவசரத்தில் அது வீட்டு மேஜையிலேயே கிடந்திருக்கிறது.

"யார்கிட்டயாவது போன் சார்ஜர் கேபிள் இருக்கா?"

நாலாபக்கமிருந்தும் கேபிள்கள் நீண்டன. ஒன்றைச் சொருகினாள். போர்டில் விளக்கு எரிந்தது, ஆனால் போர்டு இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை. இன்னொன்று, அதே கதை. "இதெல்லாம் கரண்ட் மட்டும்தான் கடத்தும், பேச்சைக் கடத்தாது," என்றாள் யாரிடமோ. நான்கு இருபத்தைந்து. பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம். நான்கரை மணி ஆட்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

"டிக்கெட் மெஷின்!" என்று கத்தியது டிரைவர். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "ராத்திரி கணக்கை கம்ப்யூட்டருக்கு ஏத்துவீங்களே, டிக்கெட் மெஷின்லேர்ந்து, அந்தக் கேபிள்! அது பேசும்ல?"

"பேசும்!" என்றாள்.

டைம்கீப்பர் ஓடினார். தொந்தி குலுங்க அவர் ஓடியதை அந்த டிப்போ பார்த்ததே இல்லை. கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டார். சொருகினாள். லேப்டாப் டிங் என்றது! அவள் அட்டவணை வரியைத் தேடிப் பிடித்து, ஒரு ஒன்றைச் சேர்த்து, ஏற்றும் பட்டனை அமுக்கினாள். பத்து சதவீதம். முப்பது. ஐம்பத்தைந்து. டிரைவர் அவள் தோளுக்கு மேலே குனிந்து, மேட்டில் வண்டி ஏற்றுகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எண்பது. நூறு.

"மணி நாலு இருபத்தொம்பது," என்றார் ஒரு கண்டக்டர்.

டைம்கீப்பர் வாழ்க்கையில் ஒரு வண்டியையும் ஒரு நிமிடம் தாமதமாக விட்டவரில்லை. அவர் மைக்கை எடுத்து, "நாலரை வண்டியெல்லாம் மூணு நிமிஷம் லேட். நான் பதில் சொல்லிக்கறேன். உக்காருங்கய்யா," என்றார்.

டிரைவர் முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வரியில் அவள் விரலை இறக்கினாள்.

சேர்ந்தது! எங்கே அவர் சத்தம் முடிகிறது, எங்கே அவளுடையது தொடங்குகிறது என்று தெரியவில்லை. சைக்கிள் ஹாரன் சத்தம்தான். ஆனால் அந்த மவுத் ஆர்கனோடு சேர்ந்தபோது அதற்கும் ஒரு குரல் வந்துவிட்டது. டிரைவர் வாசித்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தார், புருவத்தை உயர்த்திக் கொஞ்சம் வேகம் கூட்டினார். அவளும் கூட்டினாள். சுண்டு விரல் ஒரு இடத்தில் சறுக்கியது. விளக்கு ஒன்று எரிந்து வழி காட்டியது, பிடித்துக்கொண்டாள். நாத்தனார் தாளம் போட ஆரம்பிக்க, கொட்டகையே தாளம் போட்டது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்து கட்டைகள் மங்கலாகிவிட்டன. விரல்கள் தன்போக்கில் போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்குப் பஸ்ஸில்தான் திரும்பினார்கள். மடியில் கீபோர்டு, அதன் மேல் சுவர்க்கடிகாரம். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்த டிரைவர் நான்கு நிறுத்தம் வரை வெளியே வேடிக்கை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில், ஒரு மெட்டு வாசித்தார். அவள் கேட்டதே இல்லாத மெட்டு. நடுவில் ஒரு இடத்தில் ஏறி, இறங்க மனமில்லாமல் நின்று, சட்டென்று இறங்கியது.

"இது எந்தப் படம்ங்க?"

"படம் இல்ல," என்றார். காது மடல் சிவந்துவிட்டது. "நானே போட்டது. பொண்ணு பொறந்தப்போ. யார்கிட்டயும் வாசிச்சதில்ல." கீபோர்டை விரலால் தட்டினார். "இந்தப் பெட்டியில இதை ஏத்த முடியுமா?"

பெண்ணுக்கு இருபத்தாறு வயது; அத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்தும் ஒளித்து வைத்திருக்கிறாரே மனிதர்! அவளுக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. செல்போனை எடுத்துப் பதிவு பட்டனை அமுக்கி அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"முதல்லேர்ந்து வாசிங்க. நிதானமா."

அவர் வாசித்தார். தப்பு விழுந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி வாசித்தார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததையும் போனதையும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.